பாதி வாடகை

அப்பாவு வாடகையைப் பாதியாகக் குறைக்கிறேன் என்றபோது சாலிஹா நம்பவில்லை.

அதுவரை அவர் ஒரு ரூபாய்கூட இறங்கி வரவில்லை.

அவர் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிக்கூடத்தின் பின்பக்க அறைகளில்தான் சாலிஹா மழலையர் பள்ளி நடத்திவந்தாள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். கட்டணம் கிடையாது. நன்கொடை தந்துவந்த பழவேற்காட்டு வியாபாரிகள் இந்த வருடம் கையை விரித்துவிட்டார்கள்.

அறை போனால், பழையபடி தகரக் கொட்டகைக்குள் பிள்ளைகளை வைத்துப் பூட்டிவிட்டுத்தான் தாய்மார்கள் ஷிஃப்டுக்குப் போவார்கள்.

அப்பாவு கெட்டவரில்லை. அவருக்கும் ஒரு பயம் இருந்தது.

திங்கட்கிழமை கல்வி அதிகாரி தலை எண்ண வருகிறார். ஒன்றாம் வகுப்பில் பெயர்கள் இருக்கின்றன, பிள்ளைகள் இல்லை. இங்கிலீஷ் மீடியத்துக்குப் போய்விட்டார்கள். எண்ணிக்கை குறைந்தால் டீச்சர் வேலை போகும். அடுத்த வருடம் பள்ளிக்கூடமே இருக்காது. அப்புறம் பின்பக்க அறை ஏது?

"ஒரே ஒரு நாளும்மா. உன் பசங்கள்ல வளத்தியா கீறதுங்களா பாத்து அனுப்பு. யூனிஃபார்ம் நான் தரேன், சாயங்காலம் திருப்பிக் குடுத்துரு."

பாதி வாடகை இந்த வருடத்துக்கு மட்டுமா, அடுத்த வருடத்துக்குமா என்று சாலிஹா கேட்டாள்.

கேட்ட பிறகுதான், தான் சம்மதித்துவிட்டது அவளுக்கே தெரிந்தது.

சனிக்கிழமை யூனிஃபார்மைப் போட்டு அளவு பார்த்தாள். ஒன்றாம் வகுப்புப் பதிவேட்டிலிருந்து ஆளுக்கொரு பெயர் கொடுத்து, விளையாட்டு மாதிரிச் சொல்லிக் கொடுத்தாள். இந்தப் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நின்று 'உள்ளேன் ஐயா' சொல்ல வேண்டும்.

பூமிகாவுக்குக் கிடைத்த பெயர் ஹெலன். நாலு வயதுதான், ஆனால் அம்மாவைப் போல உயரம்.

"அப்ப அந்த ஹெலன் இன்னா பேரு சொல்லும்?" என்று கேட்டாள் பூமிகா.

சாலிஹா அவள் தலையைப் பின்னிவிட்டாள்.

திங்கட்கிழமை எல்லாம் நல்லபடியாக முடிந்தது. 'உள்ளேன் ஐயா' என்று பூமிகா போட்ட சத்தத்தில் அதிகாரியே சிரித்துவிட்டார். டீ குடித்தார், கையெழுத்துப் போட்டார், போய்விட்டார். அப்பாவு பின்பக்கம் வந்து, பிள்ளைகளுக்குத் தன் கையாலேயே பிஸ்கட் கொடுத்தார்.

சாயங்காலம் யூனிஃபார்மைக் கழற்றும்போதுதான் சிக்கல்.

மற்றவர்கள் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினார்கள். பூமிகா மட்டும் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். சாலிஹா கெஞ்சினாள், பிறகு அதட்டினாள். பிள்ளை அழவில்லை. பிடியைத்தான் விடவில்லை.

அம்மா வந்து கழற்றட்டும் என்று விட்டுவிட்டாள்.

குணசுந்தரி இரும்பு கம்பெனியில் பெருக்குகிற வேலை முடித்து நேராக வந்தாள். கேட் அருகிலேயே மகளைப் பார்த்துவிட்டாள். அங்கேயே நின்றாள். பிறகு கிட்டே வந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, காலரைத் தொட்டுப் பார்த்தாள். பாவாடையின் மடிப்பை நீவிவிட்டாள்.

விஷயத்தைச் சொல்லிவிட சாலிஹா வாய் திறப்பதற்குள் குணசுந்தரி அவள் காலில் விழப்போனாள். சாலிஹா பதறிப் பின்னால் நகர்ந்தாள்.

குணசுந்தரி தானாகவே பேசத் தொடங்கினாள். ஸ்கூலில் சேர்த்துக்கொண்டார்கள் என்று சனிக்கிழமையிலிருந்து பிள்ளை சொல்லிக்கொண்டே இருக்கிறதாம். அவள் முதலில் நம்பவில்லையாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் யூனிஃபார்ம் பற்றிச் சொன்ன பிறகுதான் நம்பினாளாம். புருஷனுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது. செக்யூரிட்டி வேலை. கம்பெனியே வீடும் தருகிறது. நேற்று குடும்பத்தோடு கிளம்புவதாக இருந்தார்களாம். மூட்டைகூடக் கட்டியாகிவிட்டதாம்.

"அவர மட்டும் பஸ் ஏத்தி வுட்டுட்டேன் டீச்சர். புள்ளைக்கு ஸ்கூல் கெடச்சப்புறம் நான் இன்னாத்துக்கு அங்க போய்க்கினு?"

சாலிஹா பூமிகாவைப் பார்த்தாள். காலரிலிருந்து கையை எடுத்துவிட்டு, அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள் அவள்.

நாளைக்கு எத்தனை மணிக்குக் கொண்டுவந்து விட வேண்டும் என்று கேட்டாள் குணசுந்தரி.

எப்போதும் வருகிற நேரம்தான் என்றாள் சாலிஹா.