மொட்டை மாடி ஊஞ்சல்

“மிஸ்திரி, இன்னும் இடுக்கு தெரியறதே! நாளைக்குக் கல்யாணப் பொண்ணு உட்காரும்போது ஊஞ்சல் கிரீச்னு சத்தம் போட்டா எல்லாரும் சிரிப்பா. ஏற்கெனவே ஆளாளுக்குப் பேசிண்டிருக்கா.”

விஜயலக்ஷ்மி ஸ்டூலில் ஏறி நின்று ஊஞ்சல் சட்டத்தின் மூலையைத் தடவினாள். நிற்கும் காலையும் மேல் விட்டத்தையும் பிணைக்கிற சாய்வுக் கட்டை ஒட்டாமல் நின்றது. விரல் நகம் தாராளமாக உள்ளே போனது.

“பராபர், கரெக்டா நாப்பத்தஞ்சு டிகிரி அறுத்திருக்கேம்மா. தாராவி பட்டறையில சேத்துப் பாக்கும்போது முடி கூட நுழையல. இங்க வந்து ஏன் இந்தக் கூத்து காட்டுதுன்னு வெளங்கல” என்று தலையைச் சொறிந்தார் தச்சர் பிரம்மநாயகம்.

“கொஞ்சம் இழைச்சுப் பாருங்களேன் அங்கிள்” என்றாள் மகள் மானசா.

“இழைச்சா இடுக்கு இன்னும்லா பெருசாகும் பாப்பா!”

மண்டபம் வேண்டாம், வேண்டியவர்கள் மட்டும் போதும் என்று இந்த மாட்டுங்கா மொட்டை மாடியிலேயே கல்யாணத்தை வைத்திருந்தார்கள். மாஹிம் பக்கமிருந்து காற்று சுகமாக வீசியது. பலகையே மாட்டாத அந்த வெறும் சட்டம், விஜயலக்ஷ்மியின் கண்ணுக்கு மல்லிகைச் சரம் சுற்றி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் பாட்டு, பட்டுப்புடவைச் சரசரப்பு, திருஷ்டி கழியப் பச்சப்பிடி சுற்றும் கைகள். கனவு இத்தனை அழகாக இருந்ததே அவளுக்குப் பயமாக இருந்தது.

“பிரிச்சு எடுத்துண்டு போயிடுங்கோ” என்றாள் திடீரென்று. “ஊஞ்சலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இது நடக்கப்படாதுன்னுதான் இப்படி ஆறதோ என்னமோ.”

“அம்மா! மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா?” மானசாவின் குரல் உடைந்தது.

பிரம்மநாயகம் பாட்டிலைத் திறந்து தண்ணீரை வாயில் ஊற்றிக்கொண்டார். பாதி தரையில் சிந்தியது. சிந்திய தண்ணீர் ஒரே ஓட்டமாகச் சட்டத்தின் வலப்பக்கக் காலைத் தேடிப் போனது.

“அட, எம்புத்தியச் செருப்பால அடிக்கணும்! மழைத்தண்ணி வடிய மாடியைச் சரிவாப் போட்டிருக்கான். தூக்குக்குண்டு விட்டு காலை நேரா நிறுத்துனேன், தரையைப் பாக்கலியே!”

வலப்பக்கக் காலுக்கு அடியில் மெல்லிய பலகைத் துண்டைச் செருகித் தட்டினார். விட்டம் மட்டத்துக்கு வந்தது. சாய்வுக் கட்டை சமர்த்தாக மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது. போல்ட்டை முடுக்கி, சங்கிலி கோத்து, பலகையையும் மாட்டி முடித்தபோது அவர் முகத்தில் சிரிப்பு திரும்பியிருந்தது.

“ஒத்தப் பொண்ணைக் கட்டிக் குடுக்கணும்னா மனசு கெடந்து அடிக்கத்தாம்மா செய்யும். மாப்பிள்ளை வீடு எங்க?”

“செம்பூர்” என்ற விஜயலக்ஷ்மி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இந்தா இருக்கு செம்பூர்! நெனச்சா ஓடி வந்துரலாம். பாப்பா, வா, மொதல்ல கல்யாணப் பொண்ணு உக்காந்து பாக்கட்டும்.”

மானசா அம்மாவின் தோளைப் பிடித்து இழுத்துவந்து ஊஞ்சலில் உட்காரவைத்தாள்.

“பொண்ணு இவதான் அங்கிள். ஒரே அம்மாவைக் கட்டிக் குடுக்கப் போறவ நான்!”