சத்தம் போடும் தகடுகள்

"கழட்டிடலாமா?" நாலாம் மாடி ஜன்னலுக்கு வெளியே, கிரேன் கூடையில் நின்றபடி தொழிலாளி கேட்டான்.

வீட்டுக்காரி டோர்தே வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற பிரேபன் முந்திக்கொண்டார். கீழ்வீட்டுக்காரர், கட்டடச் சங்கத்தின் தலைவர்.

"கழட்டுப்பா, கழட்டு. இந்தச் சத்தத்துல இந்தப் பொண்ணு தூங்கி எத்தனை நாளாச்சோ. நம்ம சுவர்ல இனி இதுக்கு இடமில்லைன்னு சங்கத்துல ஒருத்தர் விடாம கை தூக்க வச்சுட்டாளே!"

தொழிலாளி ஸ்பானரை எடுத்தான்.

எஃகு வடத்தின் ஒரு முனை அவள் ஜன்னலோரச் சுவரில்தான் இறுகியிருந்தது. சதுக்கத்தின் மேலே அப்படிப் பல வடங்கள். கொடியில் காயப்போட்ட துணி மாதிரி அவற்றில் அலங்காரத்துக்கு வரிசையாக மெல்லிய உலோகத் தகடுகள். காற்று வந்தால் எல்லாம் ஒன்றாக எழும்பிப் புரளும். கோபன்ஹேகனுக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துப் படம் எடுப்பார்கள்.

சத்தம் இருந்தது உண்மைதான். டோர்தேவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

தகடுகளுக்கு அந்தப் பக்கம் அவளுடைய முன்னாள் கணவன் யெப்பேயின் வீடு. பிரிந்தபோது, மகளுக்கு அலைச்சல் கூடாதென்று சதுக்கத்துக்கு எதிரிலேயே குடிபோனான். ஒரு வாரம் அம்மா, ஒரு வாரம் அப்பா. அப்பா வாரத்தில் அம்மா போன் பண்ணக் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டதே இந்த மகராசிதான்.

வசந்தத்தில் அந்த வீட்டுக்கு ஹெல்லே என்று ஒருத்தி வந்து சேர்ந்தாள். அன்றிலிருந்து டோர்தேவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பிள்ளை சாப்பிடுகிறதா, அழுகிறதா, அந்தப் பெண் அதட்டுகிறாளா? கேட்டால் ஏழு வயது ஆஸ்தா, "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்பதோடு சரி. எந்தத் தாய்க்கு அது போதும்?

காற்றில்லாத நாளில் தகடுகள் சுவர் எழுப்பினாற்போல் மறைத்துக்கொண்டு தொங்கும். காற்றடித்தால் ஒரு விளக்கு தெரியும், ஒரு நாற்காலி தெரியும், யாரென்று பார்ப்பதற்குள் மூடிவிடும். அடுப்பில் வைத்ததைத் தீயவிட்டுவிட்டு ஜன்னலே கதியென்று கிடந்தாள்.

அந்த ஜன்னலை மறைக்கும் இந்த வடம் இறங்கட்டும். கண்குளிரப் பார்த்துக்கொள்ளலாம்.

தொழிலாளி போல்ட்டில் ஸ்பானரை மாட்டினான்.

அப்போது துறைமுகப் பக்கமிருந்து காற்று வந்தது. எப்போதும்போல் வந்து ஓடிவிடவில்லை. தகடுகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. எதிர் ஜன்னல் முழுசாகத் தெரிந்தது.

ஆஸ்தா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஹெல்லே பின்னால் நின்று அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

சீப்பைக் கண்டாலே வீட்டை இரண்டாக்குகிற பிள்ளை அது. அம்மா கையில் ஒரு நிமிஷம் நிற்காத தலை. இப்போது கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கைகளில் பேசாமல் சாய்ந்து கிடந்தது.

அதட்டியாவது இருக்கக் கூடாதா அந்தப் பெண்! அதட்டியிருந்தால் சண்டைக்காவது போயிருக்கலாம். டோர்தே ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டித் தொழிலாளியைத் தடுத்தாள்.

"நிறுத்துங்க. கழட்ட வேண்டாம்."

பிரேபனுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னம்மா, விளையாடுறியா? ஊரையே கூட்டிட்டு இப்ப வேண்டாங்கிறியே. அப்போ சத்தம்?"

காற்று விட்டது. தகடுகள் ஒவ்வொன்றாக இறங்கி எதிர் ஜன்னலை மூடின.

"பழகிக்கிறேன்" என்றாள். பிறகு தொழிலாளியிடம் திரும்பி, "நல்லா இறுக்கிட்டுப் போங்க" என்றாள்.