மறுப்புச் செய்தி

“‘கேன்டீன் சோற்றில் புழு என்று நாடகமாடி வேலைநிறுத்தம்’னு போட்டிருக்கான் பாருங்கண்ணே! எழுதுன பய கையில சிக்கட்டும், அந்தச் சோத்தையே ஊட்டிவிடுதேன்!” ஒரகடம் டீக்கடையில் தொழிலாளி உச்சிமாகாளி செய்தித்தாளை வீசினான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பத்திரிகையின் நிருபர் அந்தோணிராஜ் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, பத்திரிகை அலுவலகத்தில் உதவி ஆசிரியரைப் பிடித்தான்.

“சார், புழுவ நானே பாத்துதான் எழுதி அனுப்பினேன். ‘நாடகம்’னு யாரு சேத்தது?”

“அது ஆசிரியர் கருத்துய்யா.”

“கருத்த எதுக்கு சார் செய்தியில போட்டீங்க? எழுதுனவனுக்கு அந்தச் சோத்தையே ஊட்டுவேன்னு இங்க உச்சிமாகாளி கொதிக்கிறாரு. மறுப்பு போடுங்க.”

“நாளைக்கே போட்டுடறேன்.”

மறுநாள் முதல் பக்கத் தலைப்பு: ‘புழுச் சோறு ஊட்டி நமது நிருபரைக் கொல்லச் சதி! தொழிலாளி உச்சிமாகாளி கைது.’

புழு இருந்ததைப் பத்திரிகை ஒருவழியாக ஒப்புக்கொண்டிருந்தது.