கண்டியில் வெயில்

"அல்ஹம்துலில்லாஹ்! ஒரு எரரும் இல்ல!"

பன்னிரண்டாவது தடவை கம்பைல் பண்ணி ஜெயித்த ஷிராஸ், கதிரையை விட்டுத் துள்ளி எழுந்தான்.

கண்டியை ஒட்டிய கட்டுகஸ்தோட்டையில் ஒரு சின்ன அச்சகம். கம்ப்யூட்டர்கள் அடிக்கடி நின்றுபோயின. சூடு எவ்வளவு, மெமரி எவ்வளவு என்று திரை மூலையில் காட்டும் மென்பொருள் ஒன்றைப் போடச் சொல்லியிருந்தார் முதலாளி சுந்தரலிங்கம். ரெடிமேடாகக் கிடைத்ததில் வானிலை காட்டும் வசதி இல்லை. அதுவும் வேண்டும் என்று அடம்பிடித்து, மூலநிரலை இறக்கி, ஒரு வாரச் சாப்பாட்டு நேரத்தையெல்லாம் அதிலேயே தொலைத்திருந்தான் ஷிராஸ்.

டைப்செட்டிங் செய்யும் கமலாசனியின் திரையில் அது வந்து நின்றது. சூடு, மெமரி எல்லாம் கச்சிதம். கீழே, 'கண்டி: 30 பாகை, வெயில்.'

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அச்சகமே சிரித்தது.

"என்னங்க ஷிராஸ், ஜன்னலத் தொறந்து பாத்தா கம்பைல் பண்ணாமயே தெரியுமே!" என்றார் முதலாளி.

கமலாசனி மட்டும் சிரிக்கவில்லை. "ஓம், நல்ல வெயில்தான்" என்றாள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

பாவம், அவளுக்கு ஆயிரம் கவலை. சண்டையால் யாழ்ப்பாணப் பாதை மூடி ஐந்து மாதம். அங்கே தனியாக இருக்கும் அம்மாவிடமிருந்து போனும் இல்லை, கடிதமும் இல்லை. போன மாதம் சோதனைக்கு வந்த படையினரோ, அவள் மேசையில் இருந்த யாழ்ப்பாணக் கலண்டருக்கு ஒரு மணி நேரம் விளக்கம் கேட்டுவிட்டுப் போனார்கள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள அதத் திருத்திடுங்க, ஷிராஸ். சொந்த ஊரு வானிலையே போடத் தெரியாதவர நான் எப்படி நிரந்தரமாக்குறது?" என்றார் முதலாளி.

"அது அப்பிடியே ஈக்கட்டும், முதலாளி."

என்ன திமிர்!

வெள்ளிக்கிழமை முதலாளியே வந்து உட்கார்ந்து செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்தார். கமலாசனியின் முகம் வெளிறியது. ஷிராஸ் தரையைப் பார்த்தான்.

இரண்டு வரி படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். ஒன்றையும் மாற்றாமல் மூடினார்.

அன்று மாலையே ஷிராஸின் கையில் நிரந்தர நியமனக் கடிதம் இருந்தது.

திங்கட்கிழமை கண்டியில் பளீரென்று வெயில். திரையில் மழை. கல்யாண கார்ட் அடிக்க வந்தவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"என்ன முதலாளி, இது பொய் சொல்லுதே?"

"சரியாத்தாங்க சொல்லுது!"

அலுமாரியிலிருந்து குடையை எடுத்து விரித்துக்கொண்டு, கொளுத்தும் வெயிலில் ராஜநடை போட்டு டீக்கடைக்குப் புறப்பட்டார் முதலாளி.

கமலாசனி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"ஷிராஸ், அம்மாவுக்கு இண்டைக்குப் பயிருக்குத் தண்ணி இறைக்கிற வேலை இல்லை!"

ஃபைலில் அந்த இரண்டு வரிகளும் அப்படியே இருந்தன. காட்டும் பெயர்: கண்டி. வானிலை எடுக்கும் இடம்: யாழ்ப்பாணம்.