மறுபடியும் அதே எரர்

"இன்னாம்மா இசக்கிசெல்வி, மறுபடியும் அதே எரர் வருது!"

சாப்பாட்டு டப்பாவைத் திறந்த கையோடு போனை எடுத்தவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"கோதண்டம் சார், நேத்தும் இதத்தான கேட்டீய!"

"கேட்டேன்மா. மறந்துட்டேன்."

மறந்துட்டாராம்! ஸ்ரீபெரும்புதூர் பிளான்ட்டில் டேட்டாபேஸ் பார்க்கிற மனுஷன். தலை நரைத்தாயிற்று. அதே கம்பெனியின் வல்லம் வடகால் பிளான்ட்டில், அதே வேலைக்கு, இப்போதுதான் சேர்ந்திருக்கிறாள் இவள். இவளிடம் பாடம் கேட்கிறார்.

விஷயம் இதுதான். இரண்டு பிளான்ட் டேட்டாபேஸிலும் என்னென்ன டேபிள் இருக்கிறது என்று பெயர்களை ஒரே பட்டியலாக எடுக்க வேண்டும். எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்த இங்கே ஒரு முறை, அங்கே ஒரு முறை. அதற்குப் பெயர் கொலேஷன். அப்படியே சேர்த்தால் 'முடியாது போ' என்று எரர் காட்டிவிடும்.

"பேருக்குப் பின்னாடி கொலேட்னு போட்டு, ரெண்டு பக்கமும் ஒரே முறையைக் குடுங்க சார். அவ்வளவுதான். எத்தன தடவ சொல்லுறது?"

"கோச்சிக்காதம்மா... சரி, இன்னிக்கு இன்னா சாப்பாடு?"

"ஹாஸ்டல்ல என்னத்தப் போடுவாவ? லெமன் சாதம்."

"தொட்டுக்க?"

"ஊறுகாய்."

"ஐயே! படப்பைல ஒரு மெஸ்ஸு கீது. மீன் கொழம்பு சூப்பரா இருக்கும்..."

அப்புறம் எது ருசி, இவள் ஊர் தூத்துக்குடி மீனா, அவர் சொல்கிற காசிமேடு மீனா என்று சண்டை. டப்பா காலியானதே தெரியவில்லை.

போனை வைத்தால், ஐடி ரூமில் ஏசி சத்தம் மட்டும்தான். உற்பத்தி லைனில் வேலை செய்கிறவர்கள் இந்தப் பக்கம் வரக் கூடாது. ஹாஸ்டலுக்குப் போனாலும் ரூம்மேட் நைட் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பியிருப்பாள். அம்மாவிடம் பேசலாம் என்றால், குரலைக் கேட்டதும் அழுதுவிடுவோமோ என்று பயம்.

சாயந்திரம் மேனேஜர் கங்கா போனில் வந்தார்.

"கோதண்டத்தோட கான்ட்ராக்ட் இந்த மாசம் முடியுது. நீட்டிக்கலாமான்னு ஹெச்ஆர்ல கேக்குறாங்க. நீதான் அவரோட சேர்ந்து வேலை பாக்குற. ஆள் எப்படி?"

பாவமாகத்தான் இருந்தது. அதற்காகப் பொய் சொல்ல முடியுமா?

"நல்ல மனுஷர் மேடம். ஆனா வேல சுத்தமா தெரியல. கொலேஷன் எரர் ஒண்ணையே தினமும் கேக்காரு."

"கொலேஷனா? அந்த லிஸ்ட்டைத்தான் அவர் போன மாசமே முடிச்சுக் குடுத்துட்டாரே! அந்த வேலையில நமக்கெல்லாம் வாத்தியாரே அவர்தான்."

இசக்கிசெல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயோ மேடம், நான் சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க!"

"வச்சுக்கல, வச்சுக்கல. கான்ட்ராக்டைப் போடச் சொல்லிடுறேன். எதுக்குக் கேட்டார்னு நீ அவரையே கேளு."

உடனே கோதண்டத்துக்குப் போன் போட்டாள்.

"சார், எரரே இல்லாம எதுக்கு தினமும் என்கிட்ட எரர்னு சொன்னீய? உங்க வேலையே போயிருக்குமே சார்!"

"மாட்டிக்கினேனா?" என்று சிரித்துவிட்டுச் சொன்னார்:

"உனக்கு முன்னாடி அந்த ரூம்ல நாலு வருஷம் நான்தாம்மா தனியா குந்திகினு சாப்ட்டேன். ஒரு நாள்கூட போன் அடிச்சதில்ல."