ஒன்பதாம் நாள் பயணம்

டப்ளினில் பேருந்தை விட்டு இறங்குபவர்கள் ஓட்டுநருக்கு நன்றி சொல்வார்கள். பேருந்துகள் தாமாகவே ஓடத் தொடங்கி, ஓட்டுநர்கள் ஒழிந்த பிறகும் அந்த வழக்கம் ஒழியவில்லை. ஐரிஷ் மொழியில் வாய்விட்டு நன்றி சொன்னவருக்குத்தான் கதவு திறக்கும்.

மங்களேஸ்வரியின் கணவர் தணிகாசலத்துக்கு ஓடும் பேருந்திலேயே பக்கவாதம் வந்து, பேச்சு போய், இறங்க முடியாமல் அதிலேயே கிடந்து இன்றோடு ஒன்பது நாள். மருத்துவர்கூட ஏறிப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லி இறங்கிப்போனார்.

அவள் ரசஞ்சாதம் ஊட்டி வாயைத் துடைத்தாள். "ஒரே ஒரு தடவை சொல்லிப் பாருங்க. இருபது வருஷம் இதே ரூட்ல பஸ் ஓட்டினீங்களே, எத்தனை பேர் உங்ககிட்ட சொல்லியிருப்பாங்க!"

அவருக்கு உதடு மட்டும் கோணியது.

அவளுடைய நிறுத்தம் வந்தது. டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு கதவிடம் நன்றி சொன்னாள். ஓர் ஆள் இறங்கும் அளவுக்கு மட்டும் அது திறந்தது.