மூன்றாவது மனு

"இருநூறு ரூவாயெல்லாம் ஒரு நன்கொடையா டீச்சர்? ரசீது கிழிக்கிற கூலிக்குக்கூடக் காணாது."

பெனடிக்ட் ரசீதுப் புத்தகத்தை விரல் நுனியால் தள்ளிவிட்டார். டீக்கடை மொக்கைச்சாமி பணத்தைக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வெளியே போயிருந்தார்.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் இருந்தது. சர்ச் வளாகத்து அறையில், ஊர்க் கல்வி நிதிக்கு வசூல் நடந்துகொண்டிருந்தது. சேரும் பணம் அப்படியே வங்கியில் கிடக்கும். அதன் வட்டியில் வருடத்துக்கு ஒரு பிள்ளை படிக்கும். நிதியின் செயலாளர் செலின் டீச்சர்.

"அவரு எட்டு வருசமா விடாமக் குடுக்குறாருண்ணே," என்றார் செலின்.

"குடுக்கட்டும். என் ரெண்டு லட்சத்துக்குக் கீழ அவரு பேரையும் எழுதிப் போட்டா அசிங்கம் எனக்குத்தான்."

ஓடைப்பட்டிப் பக்கம் இந்த வருடம் திராட்சைக்கு நல்ல விலை. பெனடிக்ட்டின் தோட்டத்திலிருந்து லாரி லாரியாகக் கேரளாவுக்குப் போனது. பேச்சிலும் அது தெரிந்தது.

"மனுவெல்லாம் எடுங்க. என் பணம் எவனுக்குப் போகுதுன்னு நான் பாக்கணும்."

"முடிவாகுற வரைக்கும் பேரு சொல்ல மாட்டோம்ணே. வாசிக்கிறேன், கேளுங்க," என்று செலின் மூன்று தாள்களை எடுத்தார். "மொத மனு. அப்பா கூலி வேலை."

"குடிகாரனா இருப்பான். அடுத்தது."

"அம்மா மட்டும்தான். பையன் அம்பத்தெட்டு மார்க்கு."

"அந்த மார்க்குக்குப் படிப்பு ஒரு கேடா? அடுத்தது."

மூன்றாவது தாளின் மேல்பகுதியை மடித்துப் பிடித்துக்கொண்டு செலின் வாசித்தார். "பொம்பளப் பிள்ளை. எப்பவும் மொத மார்க்கு. அப்பா வசதியானவருதான். மகனுக்கு அள்ளிச் செலவு பண்ணியிருக்காரு. மக மேல படிக்கணும்னா மட்டும் மனசு வரலையாம்."

பெனடிக்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார். என்ன படிப்பு என்றுகூட அவர் கேட்கவில்லை. "வசதியிருந்தும் பெத்த பிள்ளைய ஊர்க்காசுக்குக் கையேந்த விட்டிருக்கானா? இவனெல்லாம் வெள்ளைச் சட்டையப் போட்டுக்கிட்டு மொத வரிசையில நின்னு பூசை பாப்பான்."

"வசதியான வீட்டுப் பிள்ளைக்கு நிதியிலருந்து குடுக்கலாமாண்ணே? கமிட்டியில அதான் யோசிக்காக."

"வசதி அந்தக் கஞ்சப்பயகிட்டல்ல இருக்கு. பிள்ளைகிட்ட என்ன இருக்கு? இதுக்குத்தான் குடுக்கணும். கொண்டாங்க."

செலின் தாளைக் கவிழ்த்து நீட்டினார். அதன் முதுகில் 'சம்மதம்' என்று எழுதிப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார் பெனடிக்ட். முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்குத் தன்னைப் போல ஒரு தகப்பன் வாய்க்கவில்லையே என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"கிறிஸ்துமஸ் அன்னிக்கு அந்த ஆளை மேடைக்குக் கூப்பிடுங்க டீச்சர். ஊரு முன்னாடி நானே நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்குறேன்."

"அவுகளத் தேடிப் போயிக் கூப்பிட வேண்டியதில்லண்ணே. இங்கனதான் உக்காந்திருக்காக."

செலின் மடிப்பைப் பிரித்துத் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார். அவருக்கு நன்றாகத் தெரிந்த குண்டு குண்டு எழுத்தில் முதல் வரி இருந்தது: 'மகிமா, தந்தை பெயர் பெனடிக்ட்.'